குங்குமம் வைத்த சாவி

ஆபா என்னிடம் ஒரு ஊக்கு வாங்கினார். மூன்று நாள் கழித்து, காகிதத்தில் மடித்துத் திருப்பித் தந்தார்.

"ஊக்குதானே ஆபா. வச்சிக்குங்க" என்றேன்.

"நான் கேட்டது மூணு நாளைக்கு. நீ குடுத்ததும் மூணு நாளைக்கு."

நான் நாள் எதுவும் சொல்லவில்லை. கெடு அவராக வைத்துக்கொண்டது.

ஆம்பூரைத் தாண்டி ரோட்டோரம் இருந்த ஷூ கம்பெனி அது. ஆபா அங்கே பேட்டர்ன் ரூமுக்குப் பொறுப்பு. டெய்லர் காகிதத்தில் சட்டையை வெட்டிக்கொள்வார் இல்லையா, அந்த மாதிரி ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அளவு உண்டு. அதுதான் பேட்டர்ன். ஆபா அதைக் கம்ப்யூட்டரில் வரைவார். மேல்விஷாரத்தில் பிறந்தவர். ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கம்பெனியில் இந்து, முஸ்லிம், பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவர் ஆபாதான். அக்கா என்று அர்த்தம்.

நான் மாதனூர் பக்கம். கம்பெனி வேனில் வருவேன். காலையில் பேட்டர்ன் ரூமைப் பெருக்குவேன், அட்டை வெட்டிக் கொடுப்பேன். மதியத்துக்கு மேல் பேக்கிங்கில் ரிஜெக்ட் மேசை. தையல் ஒரு நூல் பிசகினாலும் அந்த ஷூ என்னிடம் வரும். பிளேடால் கிழிக்க வேண்டும். கிழிக்காமல் வெளியே போனால் எவனாவது எடுத்துப்போய் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரன் பெயரிலேயே விற்றுவிடுவான். அந்தப் பெயர் ஆர்டர் கொடுத்தவனுடையது. அவனைப் பையர் என்போம். புதிதாக வருகிற பெண்கள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். நான் கொட்டவில்லை. அது வேலை.

ஆபாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு சாவி இருந்தது. பூட்டுச் சாவி இல்லை. கட்டைவிரல் அளவில் பச்சையாக இருக்கும். ஒரு முனையில் பளபளவென்று தகடு. தகட்டுக்கு ஒரு மூடி. கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகினால்தான் வரைகிற சாஃப்ட்வேர் திறக்கும். பிடுங்கினால் நின்றுவிடும். அதற்கு டாங்கிள் என்று பேர். எங்களுக்கு வாயில் வரவில்லை. சாவி என்றே சொன்னோம். கொஞ்ச நாளில் ஆபாவும் சாவி என்றே சொன்னார்.

காலையில் மிட்டாய் டப்பாவிலிருந்து எடுப்பார். மாலையில் துடைத்து, மூடி போட்டு, அதே டப்பாவில் வைத்து பீரோவில் பூட்டுவார். ரூமில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தது. சாவி ஒன்றுதான். ஆகையால் ஒன்று ஓடும், இரண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் கேட்டேன். "காசு குடுத்துதானே ஆபா வாங்கினாங்க. மூணுலயும் போட்டுக்கினா இன்னா?"

"நீ எதுல வர்ற?"

"வேன்ல."

"வேன் வரலன்னா?"

"பஸ்ல. டிக்கெட் எடுத்து வருவேன்."

"டிக்கெட் எடுத்துட்டா பஸ் உன்னுதா?"

"இல்ல."

"ஒரு டிக்கெட்ல மூணு பேரு உக்காருவியா?"

"கண்டக்டர் இறக்கி உட்ருவான்."

"அவ்ளோதான் லைசென்ஸு. நாம வாங்கினது சாஃப்ட்வேர் இல்ல கன்னிமா. உக்கார ஒரு சீட்டு."

அதற்கு மேல் யாரும் எனக்கு லைசென்ஸ் சொல்லித்தரவில்லை. தேவையும் படவில்லை.

ஆபாவுக்கு ஒரே பழக்கம்தான். தன்னுடையது இல்லாததைக் கேட்காமல் தொடமாட்டார். வேனில் ஜன்னல் சீட்டு காலியாக இருக்கும். பக்கத்துச் சீட்டுக்காரியிடம் "உக்காரலாமா?" என்று கேட்டுத்தான் உட்காருவார். அவள் முழித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். கேன்டீனில் உப்பு டப்பா எல்லோருக்கும் பொது. அதைக்கூட எதிரில் இருப்பவரைப் பார்த்து "எடுத்துக்கட்டுமா?" என்பார். தையல் லைன் பெண்கள் இதை வைத்தே சிரிப்பார்கள்.

"ஆபா, மூச்சு உட்டுக்கட்டுமா?" என்று ஒருத்தி கேட்பாள்.

"உட்டுக்கோ. கம்மியா உடு. மத்தவங்களுக்கும் வேணும்" என்பார் ஆபா. முகம் மாறாது.

யாராவது படம் பார்க்க பென்டிரைவ் எடுத்து வந்தால் அவர் கம்ப்யூட்டரில் செருக விடமாட்டார். "இது மெஷினு. பஸ் ஸ்டாண்டு இல்ல. எவன் எவன் பையோ இங்க வைக்காத." எலெக்ட்ரீஷியன் பையன் ஒருவன் கெஞ்சிப் பார்த்தான். புதுப்படம் ஆபா, நேத்துதான் வந்துச்சி என்றான். "படம் எடுத்தவனக் கேட்டியா?" என்றார். அவன் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பிரியாணி விஷயம் ஒன்று உண்டு.

ரம்ஜான் முடிந்து ஆபா வீட்டுப் பிரியாணி வந்தது. ஆம்பூரில் பிரியாணிக்குப் பஞ்சமில்லை. நானும் நிறைய சாப்பிட்டவள். இது வேறு. எப்படிப் பண்றது ஆபா என்று கேட்டேன். முதல்முறையாக அவர் முகம் சுருங்கியது.

"அது என்னுது இல்ல கன்னிமா. என் மாமியாருது."

"நீங்கதானே பண்ணீங்க."

"பண்ணது நானு. கை அவங்களுது. கேக்கணும்."

சாப்பாட்டு நேரத்திலேயே போன் போட்டார். உருதில் பேசினார். அந்தப் பக்கம் கிழவி நிறைய கேள்வி கேட்டாள் போல. ஆபா என்னை ஏற இறங்கப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். கடைசியில் போனை வைத்தார்.

"சரின்னுட்டாங்க. வீட்டுக்குப் பண்ணலாம். விசேஷத்துக்குப் பண்ணலாம். கடை போடக்கூடாது. வேற யாருக்காவது சொல்லித் தர்றதுன்னா அவங்களக் கேக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

"அப்போ எழுதிக்கோ."

பிறகு குடியாத்தத்தில் இருக்கிற என் ஓரகத்தி என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். கேட்டுட்டு சொல்றேன் என்றேன். "சோறாக்கறதுக்கு இன்னாடி பர்மிஷன்? பெரிய கலெக்டரு" என்று கோபித்துக்கொண்டு போனாள். ஒரு வருஷம் பேசவில்லை. ஆபாவிடம் சொன்னேன். "லைசென்ஸுன்னா கொஞ்சம் பேஜார்தான்" என்றார்.

இனி அந்த ஆயுத பூஜை.

அப்போது கம்பெனியை முதலாளியின் தங்கை மகன் பார்த்துக்கொண்டார். சின்ன சார் என்போம். நல்ல பிள்ளைதான். அவசரக்காரர். மூன்று கம்ப்யூட்டரில் இரண்டு சும்மா கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. ஒருநாள் ரூமுக்கு வந்தார். நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆபா, மெட்ராஸ்ல ஒருத்தன் இருக்கான். சாஃப்ட்வேர உடைச்சி பென்டிரைவ்ல போட்டுக் குடுப்பான். சாவியே வேணாம். மூணும் ஓடும்."

"ஓடும் சார்."

"அப்றம் இன்னா?"

"ஓடும்ங்கறது வேற. ஓட்டலாம்ங்கறது வேற."

"எத்தினி பேரு ஓட்றாங்க தெரியுமா?"

ஆபா என்னைக் காட்டினார். "இவளக் கேளுங்க. இவ எதுக்கு தினம் நல்ல ஷூவ கிழிக்கறா?"

"அது பையரோட பேரு ஆபா."

"இது வரைஞ்சவனோட மூளை சார். அவன் பேருக்கு பிளேடு வச்சிருக்கீங்க. இவன் மூளைக்கு பென்டிரைவ் வைக்கறீங்க."

சின்ன சார் என்னைப் பார்த்தார். நான் தொடர்ந்து பெருக்கினேன். அவர் போய்விட்டார். ஆனால் பென்டிரைவை வாங்கி வைத்திருந்தார். எனக்குத் தெரியும். அவர் மேசையையும் நான்தான் துடைப்பேன்.

பூஜை நாள். ஜெர்மனிக்கு ஒரு புது சாம்பிள் போக வேண்டும். மறுநாள் லீவு. அதற்கு மறுநாள் காலையில் கூரியர். அன்று மாலைக்குள் பேட்டர்ன் வெளியே வந்தால் சாம்பிள் ரூம் ஆட்கள் லீவு நாளில் தைத்து முடிப்பார்கள். வராவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போகும். ஆபா பாதிக்கு மேல் வரைந்துவிட்டார். மதியத் தொழுகைக்கு எழுந்தார்.

"கம்ப்யூட்டர் ஆஃப் பண்ணிட்டேன். சாவி மேசை மேல இருக்குது. தொடச்சி வையி. வந்து மீதிய முடிக்கறேன்."

துடைத்தேன். சந்தனம் கரைத்தேன். ஸ்கிரீனுக்கு வைத்தேன். கீபோர்டுக்கு, கத்தரிக்கு, ஸ்கேலுக்கு, ஸ்டேப்ளருக்கு வைத்தேன். சும்மா கிடந்த இரண்டு கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். சாவி மட்டும் மிச்சம். அந்த ரூமில் எல்லாவற்றையும் ஓட்டுவது அதுதான். அதற்கு வைக்காமல் ஸ்டேப்ளருக்கு வைத்தால் நியாயமா? எது முகம் என்று பார்த்தேன். பளபளவென்று இருந்த பக்கம்தான் முகம் மாதிரி இருந்தது. மூடியைக் கழற்றி, அங்கே சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன்.

சந்தனம் தண்ணீராக இருந்தது. உள்ளே இறங்கிவிட்டது.

ஊசியால் நோண்டினேன். உள்ளே ஏதோ மடங்கியது. குழாயில் கழுவினேன். ஜன்னலில் வெயிலில் வைத்தேன். எடுத்து உதறினேன். சிவப்புத் தண்ணீர் சொட்டியது. மாடிப்படியில் ஆபாவின் செருப்புச் சத்தம் கேட்டது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சாவி எங்க?"

"தெரியல ஆபா."

இதை நான்தான் சொன்னேன்.

ஆபா மேசையைத் தேடினார். மேசைக்குக் கீழே தேடினார். குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். நானும் கூடத் தேடினேன். இடுப்பில் ஈரம் குத்திக்கொண்டே இருந்தது. சின்ன சார் வந்தார். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஆபா ஸ்பீக்கரில் வைத்தார்.

அந்தப் பக்கம் ஒரு பையன் குரல். "உடைஞ்சிருந்தா பழசை அனுப்பிடுங்க மேடம், வேற குடுத்துடுவோம். தொலைஞ்சிருந்தா புது லைசென்ஸ்தான் வாங்கணும். முழு விலை."

"ஏங்க அப்டி?" என்றார் சின்ன சார்.

"தொலைஞ்சது யார் கையில கிடைக்குதோ அவங்க மெஷின்ல ஓடும் சார். நாங்க வித்தது ஒன்னு. ஓடறது ரெண்டாயிடும்."

அப்போதே எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பொய் சொல்லி அரை மணி ஆகியிருந்தது. அரை மணி ஆன பொய்யை எடுத்து வெளியே வைப்பது கஷ்டம்.

சின்ன சார் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். மேசையில் வைத்தார்.

"ஆபா. இதப் போடுங்க. சாம்பிள் போவட்டும். மாமாகிட்ட சாவி தொலைஞ்சத நான் சொல்லமாட்டேன்."

"வேணாம் சார்."

"போடலன்னா சாவிய தொலைச்சது நீங்க, சாம்பிள் போவாததும் உங்களாலன்னு எழுதிக் குடுங்க. அப்றம் மாமா இன்னா சொல்றாரோ."

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெரிய முதலாளி இதைப் படித்தால் ஆபாவுக்கு வேலை இருக்காது. பதினோரு வருஷ வேலை. சின்ன சார் பென்டிரைவை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனார். ஆபா அதைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவைத் தேடினார். தேடிய தேடலில் அவர் பேனா எங்கோ உருண்டு போயிருந்தது. என் பேனா ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அவர் கை எட்டும் தூரம்தான்.

என்னைப் பார்த்தார். "கன்னிமா, உன் பேனாவ எடுத்துக்கட்டுமா?"

நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்தத் தாள் மேல் வைத்தேன். தாளில் சிவப்பாக ஊறியது.

ஆபா அதைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே காய்ந்தும் காயாமலும் சந்தனம். குங்குமம். ஊசி கீறிய தடம். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது. சாவிக்கு நலங்கு வச்சிருக்க."

"பூஜைக்கு வச்சேன் ஆபா."

"நீ வச்சதுக்கு நான் ஒன்னும் சொல்லல. வைக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல."

"கேட்டிருந்தா?"

"மூடிக்கு வையின்னு சொல்லியிருப்பேன்."

சிரிப்பு நின்றது. "தெரியலன்னு சொன்னியே, அதான் கன்னிமா." அவ்வளவுதான் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். நான் பெருக்கிய தரைதான். சுத்தமாக இருந்தது.

மறுபடி போன் போட்டார். அதே பையன்.

"தம்பி, தொலையல. கெட்டுப் போயிருக்குது."

"எப்படி மேடம் கெட்டுது?"

"பூஜை பண்ணிட்டாங்க."

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "எங்க ஆபீஸ்லயும் இப்ப அதான் நடக்குது மேடம். சர்வர் கிட்ட யாரும் போகாம நான்தான் காவலுக்கு நிக்கறேன்."

பழைய சாவியை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். ஆபா குங்குமத்தோடு எடுத்து அனுப்பினார். புது சாவி வரும்வரை ஓட்ட ஒரு நம்பர் தந்தான். பத்து நாள் செல்லும் என்றான். ஆபா அதைத் தட்டினார். சாஃப்ட்வேர் திறந்தது. சாவியே இல்லாமல் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். உடைத்து இல்லை, கேட்டு.

சின்ன சார் வந்தார். ஸ்கிரீன் ஓடுவதைப் பார்த்தார். பென்டிரைவ் வைத்த இடத்திலேயே இருப்பதையும் பார்த்தார்.

"கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிது சார். சந்தனம் உள்ள போயி கெட்டுடுச்சி. திருப்பி அனுப்பணும். அவங்களே நம்பர் குடுத்துட்டாங்க."

"யாரு வச்சது சந்தனம்?"

நான் வாயைத் திறந்தேன். ஆபா முந்திக்கொண்டார்.

"ரூம் என்னுது சார்."

பொய் இல்லை. ரூம் அவருடையதுதான். சின்ன சார் மேலே கேட்கவில்லை. பென்டிரைவை எடுத்துக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"அப்போ மத்த ரெண்டு மெஷினு சும்மாதான் கெடக்கணுமா?"

"இன்னும் ரெண்டு சாவி வாங்குங்க சார். நானே பொட்டு வைக்கறேன்."

மணி நாலரைக்குப் பேட்டர்ன் வெளியே வந்தது. பொரி கடலை சாப்பிட்டுக்கொண்டே அட்டை வெட்டினேன். சாம்பிள் போனது. ஆர்டரும் வந்தது. அந்த வருஷக் கடைசியில் பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வந்தார்கள். கையில் ஒரு தாள். ரிஜெக்ட் ஷூவைக் கிழிக்கிறார்களா என்று என் மேசைக்கு வந்து பார்த்தார்கள். கிழித்துக் காட்டினேன். அதே தாளில் அடுத்த வரி, சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பது. இதை ஆபா பிறகு என்னிடம் சொன்னார். அவர் ஃபைலை எடுத்து நீட்டியபோது சின்ன சார் பக்கத்தில் நின்று கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அடுத்த மாதம் இரண்டாவது சாவி வந்தது. மூன்றாவது வரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் கடைசி வரை சும்மாதான் இருந்தது.

மறுவருஷப் பூஜைக்கு ஆபாவே சாவி இரண்டுக்கும் மூடியை இறுக்கிப் போட்டு என் முன்னால் வைத்தார். சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்திருந்தேன்.

"வைக்கட்டுமா ஆபா?"

"மூடிக்கு."

வைத்தேன்.

இப்போது சாவி கிடையாது. எல்லாம் நெட்டில் வந்துவிட்டது. வருஷா வருஷம் கட்ட வேண்டும். கெடு முடிந்தால் தானாக நின்றுவிடும். சாவிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதே மாதம்தான் ஆபாவும் வேலையை விட்டு மகளோடு இருக்க வாணியம்பாடி போனார். சாவிகளைப் பொட்டலம் கட்டும்போது போனில் ஒரு கேள்வி கேட்டார்.

"மூடியும் அனுப்பணுமா தம்பி?"

"மூடி லைசென்ஸ்ல வராது மேடம். அது உங்களுது."

ஒரு மூடியை என்னிடம் கொடுத்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். இதுக்குக் கெடு இல்லை என்றார். என் வீட்டில் சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது. பூஜைக்கு அரிவாள்மனைக்கு வைத்த கையோடு அதற்கும் வைக்கிறேன்.

போன வாரம் ஆபாவுக்குப் போன் போட்டேன். உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"இன்னா எழுதப் போற?"

"சாவிக் கத."

"எழுதிக்கோ. என் பேரு போடாத. பொட்டு வச்சத மட்டும் எழுதி சிரிக்க வைக்காத. தெரியலன்னு சொன்னியே, அதையும் எழுதணும். சம்மதமா?"

"சம்மதம்."

இரண்டையும் எழுதிவிட்டேன்.